கொட்டகை இல்லாத ஊரில் ஒரு 'மாரீசன்'

சினிமாக் கொட்டகையே இல்லாத ஊரில் உட்கார்ந்து சினிமா விமர்சனம் எழுத முடியுமா? காயல்பட்டினத்தில் முடிந்தது! இங்கே கொட்டகை கிடையாது, மதுக் கடை கிடையாது, போலீஸ் நிலையம் கிடையாது என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள். போலீஸ் வேண்டுமென்றால் ஆறுமுகநேரிக்குப் போக வேண்டும். படம் பார்க்க எங்கும் போக வேண்டாம். அதுதான் டெலிவிஷன் வழியாகக் கூடத்துக்கே வந்துவிடுகிறதே!

பெண்கள் நடந்து போவதற்கென்றே வீடுகளுக்கு இடையில் குறுகலான முடுக்குகள் உள்ள ஊர் இது. அப்படி ஒரு முடுக்கு வழியே நுழைந்து, தெரிந்தவர் வீட்டு உள்கட்டில், பாட்டி, மகள், பேத்தி என்று மூன்று தலைமுறையோடு உட்கார்ந்து நான் பார்த்த படம் 'மாரீசன்'. 2025 ஜூலை 25-ம் தேதி வெளியான படம்.

தயா என்ற திருடன் (பகத் பாசில்) திருடப் போன வீட்டில் ஒரு பெரியவரைக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். அவர்தான் வேலாயுதம் (வடிவேலு). ஞாபக மறதி வியாதிக்காரர். அவிழ்த்துவிட்டால் பணம் தருவதாகச் சொல்கிறார். அவருடைய பாங்குக் கணக்கில் இருக்கும் தொகையைப் பார்த்ததும் திருடனுக்கு நாக்கில் ஜலம் ஊறுகிறது. மோட்டார் சைக்கிளில் பெரியவரை ஏற்றிக்கொண்டு நாகர்கோவிலிலிருந்து திருவண்ணாமலைக்குக் கிளம்புகிறான். 2023-ல் 'மாமன்ன'னில் முறைத்துக்கொண்ட இருவரும் இங்கே ஒரே வண்டியில்! இந்தப் பாதிப் படம் பிரமாதம். வடிவேலு கையை ஆட்டவில்லை, குரலை உயர்த்தவில்லை. சும்மா விழிக்கிறார், நமக்குச் சிரிப்பு வருகிறது, கூடவே வயிற்றில் ஒரு சங்கடமும்.

மர்மத்தை இப்போது உடைக்கப் போகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பெரியவருக்கு மறதியும் இல்லை, ஒன்றும் இல்லை. வரிசையாக நடக்கும் கொலைகளுக்காகப் போலீஸ் தேடுவது அவரைத்தான். பெண் குழந்தைகளைச் சீரழித்தவர்களைத் தேடிப் போய்த் தீர்த்துக் கட்டுகிறார். மாய மானாக வந்தவர் யார் என்று இப்போது தெரிகிறதல்லவா?

இங்கேதான் டைரக்டர் சுதீஷ் சங்கருக்குச் சறுக்கல். ஹாஸ்யம் பாதி வழியில் இறங்கிக்கொள்கிறது. போலீஸ் அதிகாரியாக வரும் கோவை சரளாவைச் சிரிக்கவைக்கவும் விடவில்லை, மிரட்டவும் விடவில்லை. கொலையையும் சிரிப்பையும் ஒரே சட்டியில் கிண்டுவது லேசான காரியம் அல்ல. பிராங்க் காப்ரா 1941-ல் எடுத்து 1944-ல் வெளியான 'ஆர்செனிக் அண்ட் ஓல்ட் லேஸ்' படத்தில், இரண்டு சாதுவான அத்தைகள் தனிமையில் வாடும் கிழவர்களுக்கு ஒயினில் விஷம் கலந்து கொடுப்பார்கள். காப்ரா கடைசி வரை சிரிப்பை விடவில்லை, அதனால் தப்பித்தார். குழந்தைகளின் துன்பத்தை வைத்துக்கொண்டு அப்படிச் சிரிக்க முடியாது என்பதும் நியாயம்தான்.

ரகசியம் உடைந்த இடத்தில், மகள் தன் பத்து வயதுப் பெண்ணைத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி அடுக்களைக்கு அனுப்பினாள்.

"பிள்ளைய ஏன் விரட்டுறா? இருந்து கேக்கட்டும்" என்றார் பாட்டி.

"கேட்டு என்ன உம்மா செய்ய? நமக்கு ஒண்ணுன்னா போலீசுக்கா போவோம்?"

எனக்குப் படம் மறந்து போயிற்று. கோர்ட்டும் சட்டமும் உதவாது என்பதுபோலத்தானே படமும் பேசுகிறது! எனக்கு அது சம்மதமில்லை. 2012-ம் வருஷத்துப் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது தெரியுமா? குழந்தை போலீஸ் நிலையத்துக்குப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ, குழந்தை விரும்பும் வேறு இடத்திலோ வந்து வாக்குமூலம் வாங்க வேண்டும். கூடிய வரையில் சப்-இன்ஸ்பெக்டருக்குக் குறையாத பெண் அதிகாரி வர வேண்டும். காக்கி உடுப்பில் வரக் கூடாது. குழந்தையை இரவில் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெயரையும் விலாசத்தையும் பத்திரிகைகள் வெளியிடக் கூடாது. உதவிக்கு 1098 என்று டெலிபோன் செய்தால் போதும்.

"காக்கி போடாமலா வருவாங்க?" என்று மகள் இரண்டு தரம் கேட்டாள். படம் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, ஒருவரும் பார்க்கவில்லை. சிறுமி தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றாள். இந்தத் தடவை அவளை யாரும் அனுப்பவில்லை.

"அந்த நம்பரை இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் மகள். சொன்னேன். காலண்டரில், காஸ் கம்பெனி நம்பருக்குப் பக்கத்தில் எழுதி வைத்தாள்.