நீரைவிட்டு எழுந்த படகு

2012-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். நியூசிலாந்தின் ஆக்லாந்து நகரையொட்டிய கடலில் ஒரு பந்தயப் படகு விரைந்துகொண்டிருந்தது. அதன் நீளம் 22 மீட்டர், அகலம் 14 மீட்டர், எடை ஏறத்தாழ 6 டன். வேகம் கூடியதும் அதன் உடல் முழுவதும் நீரைவிட்டு மேலே எழுந்தது. மெல்லிய தகடுகள் சில மட்டுமே நீருக்குள் இருந்தன. அந்தப் படகின் பெயர் ‘ஆவோடெயாரோவா’. மாவோரி மக்கள் நியூசிலாந்தை அப்பெயராலேயே அழைக்கின்றனர்.

இரண்டு உடல்களை இணைத்துக் கட்டப்படும் இவ்வகைப் படகை ஆங்கிலத்தில் ‘கேட்டமரன்’ என்பர். நம் ‘கட்டுமரம்’ என்னும் சொல்லே அங்குச் சென்று அப்படி ஆயிற்று. ஆனால், தமிழக மீனவர்களின் கட்டுமரம் மரத்துண்டுகளைச் சேர்த்துக் கட்டிய மிதவை. இரட்டை உடல் கொண்ட படகுகளில் பெருங்கடலைக் கடந்தவர்கள் மாவோரிகளின் முன்னோரான பாலினேசியர்கள். பெயரை ஓரிடத்திலிருந்தும் வடிவத்தை வேறோரிடத்திலிருந்தும் பெற்ற படகு இது.

1851-ஆம் ஆண்டு தொடங்கிய ‘அமெரிக்கக் கோப்பை’ப் போட்டிக்காகவே ஆவோடெயாரோவா கட்டப்பட்டது. முதன்முதலில் வென்ற ‘அமெரிக்கா’ என்ற பாய்க்கப்பலின் பெயரே அக்கோப்பைக்கு வழங்குகிறது. 2013-ஆம் ஆண்டுப் போட்டி சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவில் நடைபெறவிருந்தது.

இப்படகில் துணிப்பாய்க்குப் பதிலாக இறக்கை ஒன்று நிமிர்ந்து நின்றது. அதன் உயரம் 40 மீட்டர். ஏறக்குறைய பதின்மூன்று மாடிக் கட்டடத்தின் உயரம். கார்பன் இழையால் ஆன சட்டங்களின்மேல் மெல்லிய நெகிழித்தாளைப் போர்த்தி, சூடு காட்டி இறுக்கி அதனைச் செய்திருந்தனர். விமான இறக்கை மேல்நோக்கித் தூக்குவதைப் போல, நிமிர்ந்து நிற்கும் இந்த இறக்கை படகை முன்னோக்கி இழுக்கிறது. காற்று இடப்பக்கத்திலிருந்தும் வரும், வலப்பக்கத்திலிருந்தும் வரும். எனவே, இறக்கை முன்பகுதி, பின்பகுதி என இரண்டாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பின்பகுதியைத் தேவையான பக்கம் திருப்பினால் இறக்கைக்கு வளைவு கிடைத்துவிடும்.

இதில் ஒரு தொல்லையும் உண்டு. காற்று பலமானால் துணிப்பாயைச் சுருட்டிவிடலாம்; இறக்கையைச் சுருட்ட முடியாது. ஆகவே, ஒவ்வொரு நாளும் பாரந்தூக்கியின் துணையுடன் இறக்கையைப் பொருத்தி, மாலையில் கழற்றிவைத்தனர்.

வேகத்திற்கு நீரே பெருந்தடை. நீர் காற்றைவிட ஏறத்தாழ 800 மடங்கு அடர்த்தியானது. படகின் உடலை நீரிலிருந்து வெளியே எடுத்துவிட்டால் அத்தடையின் பெரும்பகுதி நீங்கும். ஆனால், போட்டி விதிகள் இவ்வாறு ‘பறப்பதை’க் கடினமாக்கும் வகையிலேயே எழுதப்பட்டிருந்தன. உயரத்தைக் கட்டுப்படுத்தும் அசையும் மடல்களைச் சுக்கானில் பொருத்தக்கூடாது. நியூசிலாந்துப் பொறியாளர்கள் விதியை மீறவில்லை. தகட்டின் வடிவத்தையே மாற்றினர். நீருக்குள் செல்லும் தகட்டின் நுனியைச் சாய்வாக மேல்நோக்கி வளைத்தனர். படகு அளவுக்கு மேல் உயர்ந்தால், நீருக்குள் இருக்கும் பரப்பு குறைந்து படகு பக்கவாட்டில் சற்று நழுவும். நழுவும்போது தகட்டின் தூக்குவிசை குறைந்து, படகு தானே கீழிறங்கும். ஏறக்குறைய 10 மீட்டர் நீளமுள்ள சிறிய படகுகளில் இதைச் சோதித்துப் பார்த்த பின்னரே பெரிய படகில் பொருத்தினர். பிற குழுக்களும் விரைவில் அதே வழியைப் பின்பற்றின.

பறக்கும் படகு கவிழ்ந்தால் என்னவாகும்? 2012 அக்டோபரில் அமெரிக்காவின் ஓரக்கிள் குழுப் படகு கவிழ்ந்து, அதன் இறக்கை நொறுங்கியது. 2013 மே மாதம் சுவீடன் குழுவின் படகு பயிற்சியின்போது கவிழ்ந்தது. அதில் ஒலிம்பிக் தங்கப் பதக்கம் வென்ற பிரிட்டன் வீரர் ஆண்ட்ரூ சிம்சன் உயிரிழந்தார். அதன்பின் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. பந்தயம் நடத்தத்தக்க காற்றின் உச்ச வேகமும் குறைக்கப்பட்டது.

செப்டம்பரில் நியூசிலாந்தும் ஓரக்கிளும் இறுதிப் போட்டியில் மோதின. ஒவ்வொரு படகிலும் பதினொருவர் இருந்தனர். இயந்திரத்திற்கு அனுமதி இல்லை. வீரர்கள் கைகளால் சுழற்றிய விசையே இறக்கையையும் தகடுகளையும் இயக்கியது. படகுகள் மணிக்கு 74 கிலோமீட்டரைத் தாண்டின. அது வீசும் காற்றைவிட இரு மடங்குக்கும் மேற்பட்ட வேகம்!

முதலில் ஒன்பது புள்ளிகள் பெறும் குழுவுக்கே கோப்பை. நியூசிலாந்து 8–1 என முன்னிலை வகித்தது. இன்னும் ஒரே ஒரு வெற்றி போதும். செப்டம்பர் 20 அன்று காற்று மிக மெதுவாக வீசியது. அப்பந்தயத்தில் ஆவோடெயாரோவா வெகுதூரம் முந்திச் சென்றது. எல்லைக்கோட்டை நெருங்குமுன் 40 நிமிடக் கால வரம்பு முடிந்துவிட்டதால் பந்தயம் கைவிடப்பட்டது. விதி விதிதான், ஆயினும், இத்தனை ஆண்டு உழைப்பு கடிகாரத்திடம் தோற்றதை நியூசிலாந்து மக்களால் எளிதில் ஏற்றுக்கொள்ள முடிந்திருக்காது.

ஓரக்கிள் குழுவினரோ இரவோடிரவாகத் தங்கள் படகில் மாற்றங்கள் செய்தவண்ணம் இருந்தனர். காற்றை எதிர்த்துச் செல்லும்போதும் தகடுகளின்மேல் எழும்பிப் பறக்கப் பழகிக்கொண்டனர். பந்தயத்துக்குப் பந்தயம் அவர்கள் வேகம் கூடியது. 8–1 என்பது 8–8 ஆயிற்று. செப்டம்பர் 25 அன்று நடந்த கடைசிப் பந்தயத்தில் ஆவோடெயாரோவா முதல் திருப்பத்தை முந்திக் கடந்தது. பின்னர், காற்றை எதிர்த்துச் செல்லும் சுற்றில் ஓரக்கிள் அதனைத் தாண்டிச் சென்று, 44 விநாடி வித்தியாசத்தில் கோப்பையைத் தக்கவைத்துக்கொண்டது.