உங்களுக்குத் தெரியுமா? சிப்பில் அழித்து எழுத முடியாது

கீழக்குயில்குடி சமணர் மலையில் சிற்பியின் உளி தவறினால் பாறையை ஒட்டவைக்க முடியாது. சிப்பும் அப்படித்தான். ஆலையிலிருந்து வந்தபின் அதன் சுற்றைத் திருத்துவது நடைமுறையில் ஆகாத காரியம்.

இன்டெலின் பென்டியம் சிப்பில், வகுத்தலுக்கான அட்டவணையில் சில மதிப்புகள் விடுபட்டிருந்தன. 1994இல் அது அம்பலமானபோது, சிப்புகளை மாற்றித்தர நிறுவனம் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்! வடிவமைப்பைவிடச் சரிபார்ப்புக்கே பொறியாளர்கள் அதிகம் உழைப்பது இதனால்தான். முதலில் வடிவமைப்பைக் கணினியில் பாவனையாக ஓட்டுவார்கள். பிறகு, எத்தனை முறையும் மாற்றியமைக்கக்கூடிய எஃப்.பி.ஜி.ஏ. என்ற தனிவகைச் சிப்பில்.

இத்துறையில் நம் பெருமை, சென்னை ஐஐடியில் பேராசிரியர் காமகோடி குழுவினர் உருவாக்கிய 'சக்தி' செயலி. அதன் 'ரிமோ' சிப் 2018இல் சண்டிகர் ஆலையில் 180 நானோமீட்டர் தொழில்நுட்பத்தில் தயாரானது. சக்தியின் மூல வடிவமைப்பை எந்த மாணவரும் இலவசமாக எடுத்துச் சோதித்துப் பார்க்கலாம்.