மூன்றாவது வாரத்துச் சோதனை

மாட்டுங்காவில் இட்லிக்குப் பஞ்சமில்லை. தாராவியிலோ விடிந்ததும் இட்லிப் பாத்திரங்கள் தலையிலும் சைக்கிளிலும் ஏறி நகரமெங்கும் கிளம்பிவிடும். ஆனால் பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனையில் வாய், தொண்டைப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு எடுத்துக்கொள்ளும் தமிழருக்கு மூன்றாவது வாரத்தில் அந்த இட்லியே முள்ளாகிவிடக்கூடும். நாக்கு சிவந்து, உள்கன்னம் உரிந்து, எச்சில் விழுங்கினாலே உயிர் போகும் வலி.

வீட்டில் இதற்கு உடனே காரணம் கண்டுபிடித்துவிடுவார்கள்: உடம்புச் சூடு. மணத்தக்காளிக் கீரையும் பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையும் வரும். இது அந்தப் புண் அல்ல. வாயின் உட்தோல் ஓரிரு வாரத்துக்கு ஒருமுறை தன்னைப் புதுப்பித்துக்கொள்கிறது. கதிர்வீச்சும் பல புற்றுநோய் மருந்துகளும் வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குபவை. நல்ல செல், கெட்ட செல் என்று பேதம் பார்ப்பதில்லை.

கதிர்வீச்சு வழக்கமாக வாரத்துக்கு 5 நாள், 6 அல்லது 7 வாரம். வலி உச்சத்தில் இருக்கும்போது, 'ஊருக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வருவோம்' என்று திருநெல்வேலிக்கு ரயிலேறத் தோன்றும். ஆபத்து அங்கேதான். இடைவெளி விட்டால் எஞ்சிய புற்றுச் செல்கள் வேகமெடுக்கின்றன. தலை, கழுத்துப் புற்றுநோயில் சிகிச்சை தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படும் வாய்ப்பு சுமார் 1 சதவீதமோ சற்றுக் கூடுதலாகவோ குறைகிறது.

இது யாரோ சிலரின் பிரச்சினையும் அல்ல. இந்திய ஆண்களிடம் அதிகம் காணப்படுவது வாய்ப் புற்றுநோய்தான். மகாராஷ்டிரம் குட்காவைத் தடை செய்தது 2012இல். பெட்டிக் கடைகளுக்குத் தகவல் போய்ச் சேர்ந்ததோ என்னவோ!

வலியைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் இல்லை. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து தினமும் பல முறை கொப்பளிக்கலாம். மிருதுவான பிரஷ் போதும். மிளகாய்ப்பொடி, ஊறுகாய், ரசம், ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் ஆகியவற்றுக்கு விடுமுறை. ஆறிய கேழ்வரகுக் கூழ், குழைந்த தயிர்சாதம், மோரில் ஊறிய இட்லி இறங்கும். அதுவும் இறங்காவிட்டால் மூக்கு வழியே குழாய் போட்டு உணவு தருவார்கள். பலர் நினைப்பதுபோல் அது கடைசிக் கட்டத்தின் அடையாளம் அல்ல.

சாப்பாட்டுக்கு முன் மரத்துப்போகச் செய்யும் ஜெல் உண்டு. மிஞ்சினால் மார்ஃபின். அந்தப் பெயரைக் கேட்டதும் குடும்பம் மிரள்கிறது. 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் பல மருத்துவமனைகளே அதைத் தொடாமல் இருந்தன. 2014இல்தான் சட்டம் தளர்ந்தது. டாக்டர் சொல்லும் அளவில் வலிக்காகச் சாப்பிடுபவர் அதற்கு அடிமையாவது அபூர்வம்.

குறைந்த சக்தி லேசர் ஒளி புண்ணின் கடுமையைக் குறைப்பதாக மங்களூரில் நடந்த ஆய்வு 2012இல் வெளியானது. இன்று சர்வதேச வழிகாட்டுதல்களும் அதைப் பரிந்துரைக்கின்றன. எல்லா ஊரிலும் கிடைக்காது. கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை.

மருந்து ஏற்றிக்கொள்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. வாய்ப்புண்ணோடு காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டை எட்டினால் காலை வரை காத்திருக்கக் கூடாது. வெள்ளையணுக்கள் குறைந்த உடம்பில் புண் வழியே கிருமி ரத்தத்தில் கலக்கலாம்.

கதிர்வீச்சு முடிந்த பிறகு பெரும்பாலும் 2 முதல் 4 வாரத்தில் புண் ஆறத் தொடங்கிவிடுகிறது. சாம்பாரின் ருசி திரும்பத்தான் மாதக்கணக்காகும்.