பெயரைப் பதிவேட்டில் ஏற்றும் முன்

திருவட்டாறில் பிறக்கும் ஆண் குழந்தைக்கு ஆதிகேசவன் என்று பெயர் வைக்க யாரும் தயங்கமாட்டார்கள். ஊர்க்கோயில் பெருமாளின் பெயர் அது. தமிழில் அதை எழுத ஒரே வழிதான். ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் வீடு கட்சி கட்சியாகப் பிரிகிறது. முதல் நெடிலுக்கு ‘ஏ’ ஒன்றா, இரண்டா? ‘தி’க்கு ‘டாக்டர்’ என்பதன் முதலெழுத்தா, ‘டீச்சர்’ என்பதன் முதலெழுத்தா? எதைப் போட்டாலும் பக்கத்தில் ‘எச்’ வேண்டுமா? ‘ச’வுக்கு ‘எஸ்’ போதுமா, ‘எஸ் எச்’ தேவையா? இந்த மூன்று இடங்களை மட்டும் கணக்கிட்டாலே 16 எழுத்துக்கூட்டல்கள் வந்துவிடும். பதினாறையும் ஊரில் ஆதிகேசவன் என்றுதான் வாசிப்பார்கள். ஆவணங்களை ஒப்பிடும் கணினிக்கோ அவை பதினாறு வெவ்வேறு ஆட்கள். எனவே எது சரியான எழுத்துக்கூட்டல் என்று வழக்காடுவதைவிட, ஒன்றைத் தேர்ந்து, பிறப்புப் பதிவேட்டில் ஏற்றி, எல்லா ஆவணங்களிலும் அதையே விடாமல் பிடித்துக்கொள்வதே அந்தப் பையனுக்கு நன்மை.

சரியான எழுத்துக்கூட்டல் ஒன்று எங்கோ இருக்கிறது என்ற நம்பிக்கைதான் பல வீடுகளில் முடிவைத் தள்ளிப்போடுகிறது. அப்படி ஒரு பொது விதி நம்மிடம் இல்லை. தமிழ்நாடு அரசே 2020இல் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு இணங்க மாற்றி ஆணையிட்டது. ஜூன் மாதம் அது வெளியே தெரிந்து எதிர்ப்புக் கிளம்பியதும், அதே மாதத்தில் திரும்பப் பெற்றது. ஊர்ப்பெயருக்கே உடன்பாடு எட்டாதபோது ஆட்பெயருக்கு எங்கே கிடைக்கும்? திருவட்டாறு இருக்கும் குமரி மாவட்டத்தில் சிக்கல் இன்னும் ஒரு முடிச்சு கூடுதல். 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூர்–கொச்சியின் பகுதி. மலையாள வழக்கப்படி ஆங்கிலத்தில் எழுதப்பட்ட தாத்தா பெயரும், தமிழ்நாட்டுப் பள்ளியில் எழுதப்பட்ட அப்பா பெயரும் ஒரே வீட்டில் இருக்கும். இன்றும் பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போகிறவர்கள் உண்டு. பெற்றோர் வசிக்கும் ஊரில் அல்ல, குழந்தை பிறந்த ஊரில்தான் பிறப்பைப் பதிவார்கள். அங்கே பிறந்த குழந்தையின் சான்றிதழ் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வரும். திருவட்டாறில் உள்ள பள்ளிக்கும் வட்டாட்சியர் அலுவலகத்துக்கும் அதில் பொதுவாக வாசிக்கக் கிடைப்பது ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒன்றுதான். ஆங்கிலத்தில் எப்படி இருந்தால் என்ன என்று அலட்சியமாக இருக்க முடியாத மாவட்டம் இது.

சட்டம் இதற்குத் தரும் அவகாசம் பலருக்குத் தெரிவதில்லை. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி பிறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். பெயர் அப்போதே முடிவாகியிருக்க வேண்டியதில்லை. பெயரில்லாமல் பதிந்துவிட்டு, 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டுவரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பிரசவம் முடிந்த அயர்ச்சியில், மருத்துவமனைப் படிவத்தை நீட்டும்போது வாய்க்கு வந்த எழுத்துக்கூட்டலைச் சொல்லிவிட வேண்டிய கட்டாயம் யாருக்கும் இல்லை. அவகாசம் இருக்கிறதே என்று வருடக்கணக்கில் விட்டுவிடுவதும் தவறு. 2023ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் பிறந்தவர்களுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல், திருமணப் பதிவு, அரசு வேலை, பாஸ்போர்ட், ஆதார் ஆகியவற்றில் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழே ஆதாரம். முன்பு பள்ளி மாற்றுச் சான்றிதழைக் காட்டிச் சமாளித்த வழி இந்தத் தலைமுறைக்கு இல்லை. பெயர் சூட்டிய ஓரிரு மாதத்தில் முடிவெடுத்து, தமிழிலும் ஆங்கிலத்திலும் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்து, சான்றிதழை வாங்கும் இடத்திலேயே எழுத்தெழுத்தாகச் சரிபார்ப்பதே சரியான அளவு. தாய், தந்தை பெயர்களையும் அவரவர் ஆதாரில் உள்ளபடியே தர வேண்டும். மகனின் இனிஷியல் விரியும்போது அந்த எழுத்துகள்தான் அவன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகிறவர்கள் நிறைந்த மாவட்டத்தில் இது சிறிய விஷயம் இல்லை. பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் நுழைவு இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தது. தந்தை பெயரோ குடும்பப் பெயரோ உள்பக்கத்தில் இருந்தால் போதும் என்று பின்னர் தளர்த்தியது.

எண்கணிதப்படி ஓர் எழுத்தைக் கூட்டினால் பிள்ளைக்கு நல்லது என்று நம்புகிறவர்கள் உண்டு. குழந்தையின் நலனில் உள்ள அக்கறைதான் அந்த நம்பிக்கையைத் தூண்டுகிறது, அதைப் பழிப்பதற்கில்லை. ஆனால் அந்த அக்கறையே ஒன்றைக் கேட்கிறது: கூட்டுவதாயிருந்தால் பதிவுக்கு முன் கூட்டுங்கள். ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் திருத்த முடியும். மூன்று வயதில் ஒருமுறை, பள்ளி மாறும்போது ஒருமுறை என்று பெற்றோரே அதைச் செலவழித்துவிட்டால், தனக்கென்று ஒரு காரணம் வரும் வயதில் மகன் கையில் எதுவும் மிஞ்சாது. உச்சரிப்பு கெடக்கூடாது என்பவர்களின் கவலையும் நியாயமானதே. ழகரத்துக்கு ‘இசட் எச்’ போடாமல் ‘எல்’ போட்டால் வெளியூரில் எழிலன் எலிலனாகிவிடுகிறான். உச்சரிப்பை வைத்தே தேர்ந்தெடுக்கட்டும்; தேர்ந்தெடுத்த பிறகு உறவினரில் ஒருவர் வேறு யோசனை சொன்னார் என்று மாற்றாதிருக்கட்டும்.

பெரியவனானால் அவனே மாற்றிக்கொள்வான் என்பதுதான் அடிக்கடி கேட்கும் பதில். அந்த உரிமை இருக்கிறது. சிபிஎஸ்இ சான்றிதழ்களில் பெயர் திருத்தம் பற்றிய வழக்குகளில் 2021 ஜூன் 3 அன்று உச்ச நீதிமன்றம், ஒருவர் தன் பெயரைத் தன் விருப்பப்படி வைத்துக்கொள்வது அரசியல் சட்டத்தின் 19(1)(அ) பிரிவு தரும் சுதந்திரத்தில் அடங்கும் என்றது. பொது ஆவணங்களோடு ஒத்துப்போகும் திருத்தத்தை வாரியம் மறுக்கக் கூடாது என்றும் தீர்ப்பளித்தது. இரண்டாவது வரியைக் கவனிக்க வேண்டும்: பிறப்புச் சான்றிதழ் உறுதியாக இருந்தால்தான் மற்றவற்றைத் திருத்துவது எளிது. சான்றிதழிலேயே பிழை விழுந்தால் முதலில் போக வேண்டியது பதிவாளரிடம். பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அதற்கு வழி தருகிறது. எழுத்துப் பிழையாக இருந்தால் பதிவாளர் விசாரித்துத் திருத்துவார். உள்ளடக்கமே தவறு என்றால், உண்மை அறிந்த நம்பகமான இருவரின் உறுதிமொழி வேண்டும். பழைய பதிவை அழிக்காமல் ஓரத்தில் குறிப்பெழுதிக் கையொப்பமிடுவதே முறை. திருவனந்தபுரத்தில் பதிந்த பிறப்பை அங்கேதான் திருத்த முடியும். இங்குள்ள அலுவலகங்களில் அலைந்து பயனில்லை. பிழையே இல்லாமல், வெறும் விருப்பத்தால் பெயரை மாற்றுவது வேறு பாதை: எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை வழியாகத் தமிழ்நாடு அரசிதழில் வெளியிட வேண்டும், மைனருக்குப் பெற்றோர் விண்ணப்பிக்கலாம். அரசிதழ் வந்தபின்னும் ஒவ்வோர் ஆவணத்தையும் தனித்தனியாக மாற்றும் வேலை மிச்சமிருக்கும்.

பதிவாளர் திருத்த மறுத்தால், வாய்மொழிப் பதிலோடு திரும்பிவிடாமல் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். 2023ஆம் ஆண்டுத் திருத்தம் சேர்த்த 25ஏ பிரிவின்படி, அந்த உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். அவர் முடிவும் திருப்தி தராவிட்டால் தலைமைப் பதிவாளரிடம் போகலாம். மேல்முறையீட்டின் மீது 90 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்று சட்டமே கெடு வைத்திருக்கிறது.