அரசர் படமும் அன்னை முகமும்

பரீட்சை மண்டபத்தில் “பார்த்து எழுதாதே” என்று இருபது வருஷமாக அதட்டி வருகிறோம் நாம். ஆகையால், நம்மிடம் படித்த மாணவன் ஒருவன் சென்ற கோடையில் கேட்ட கேள்வி நம்மைச் சற்றுத் திகைக்க வைத்தது.

ஆலங்குளத்துப் பையன் அவன். தாயார் பட்டாசுத் தொழிற்சாலையில் கூலி வேலை செய்கிறார். அவன் கையில் ஓர் அச்சுப்படம் இருந்தது. 1881-ஆம் வருஷத்தில் பரோடா மகாராஜா சயாஜிராவ் ஆட்சிப் பொறுப்பேற்ற காலத்தையொட்டி, அங்கே அழைக்கப்பட்ட ரவிவர்மா எழுதிய உருவம் அது.

“ஐயா, இதைப் பார்த்து எழுதித் தைல வர்ணம் பழக ஆசை. காப்பியடிப்பது கலையா என்று சிநேகிதர்கள் சிரிக்கிறார்கள்” என்றான்.

ரவிவர்மாவின் கதையையே பதிலாகச் சொன்னோம். 1848-இல் கிளிமானூரில் பிறந்த அவர், பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். தைல வர்ணம் அறிந்திருந்த மதுரை ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்தார் என்றும், நாயக்கரிடம் பயின்ற ஆறுமுகம் பிள்ளை இரகசியமாக உதவினார் என்றும் சரிதம் எழுதியோர் கூறுவர். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பியர் அரச குடும்பத்தின் உருவங்களை எழுத வந்தார். அவரும் பாடம் சொல்லவில்லை. எழுதுவதைப் பார்த்திருக்க மட்டும் இடந்தந்தார். அப்படிப் பார்த்துப் பழகிய கைதான் 1873-இல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வென்றது. கதவு சாத்திய வீட்டில் ஜன்னல் வழியே பார்த்தவனைத் திருடன் என்று யார் சொல்வார்?

பையன் உற்சாகத்துடன் தொடங்கினான். படத்தின்மேல் கட்டங்கள் வரைந்தான். துணியில் அதே கட்டங்களைப் பெரிதாக்கி உருவத்தை இறக்கினான். அடிப்பூச்சில் டர்பன்டைன் மிகுந்த மெல்லிய கபில நிறம். மேலே போகப் போக ஆளிவிதை எண்ணெய் கூடவேண்டும். இம்முறை மாறினால் பிற்காலத்தில் வர்ணம் வெடித்துவிடும். இந்த எண்ணெய் காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று மெள்ள இறுகுவது. அவசரக்காரனுக்கு அது வசப்படாது.

ஒரு மாதம் சென்று போய்ப் பார்த்தோம். முத்துமாலை ஜொலித்தது, பட்டாடை மின்னியது. முகமோ பொம்மை முகம்! மணி ஒவ்வொன்றையும் எண்ணி எழுதியவன், கன்னத்தில் நிழல் எங்கே திரும்புகிறது என்பதைக் கவனிக்கவில்லை. “கண்ணைப் பாதி மூடிக்கொண்டு பார், தம்பி, ஒளியும் நிழலும் மட்டுமே தெரியும்” என்றோம். அவன் முகத்தைச் சுரண்டிவிட்டு மறுபடி எழுதினான். மூன்றாம் தடவை, மகாராஜா மனிதரானார்.

அப்பொழுது அவன் தாயார், “ராஜா நகை போட்டிருக்காரு, எழுதலாம். எங்களை எழுத என்ன இருக்கு?” என்று சிரித்தார். பையன் பதில் பேசவில்லை. அடுத்த ஞாயிறு அன்னையை வாசல் வெளிச்சத்தில் உட்காரவைத்து எழுதத் தொடங்கினான். மறைந்துகொள்ள இங்கே நகையில்லை. நிழலும் ஒளியும் முகமும்தான். இன்னும் முடியவில்லை. ஆனால் அந்தக் கண்களில் உயிர் இருக்கிறது.

பக்கத்துக் கோவில்பட்டியில் வாழ்ந்த கொண்டையராஜு, சீடர்களைக் கூடவே வைத்துக்கொண்டு எழுதியவர். அவர்கள் தீட்டிய தெய்வப் படங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாடெங்கும் வீடுகளுக்குக் கொண்டு சேர்த்தன. ஒளித்து வைத்த வித்தை ஒருவரோடு போகும். கொடுத்த வித்தை ஊருக்குச் சொத்தாகும். பார்த்து எழுதும் பிள்ளையைக் கண்டால், பெற்றோர்களே, ஏளனம் செய்யாதீர்கள். பார்க்க நல்லதொன்றைக் கொடுங்கள். பிறகு வீட்டு வாசலைக் காட்டுங்கள்.