போஞ்சிக் கொடியில் ஊரும் கருப்புப் புழு



போன மாதம் ஹந்தானைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தேன். லயத்துக்குப் பின்னால் ஒரு அக்கா போட்டிருந்த மரக்கறிப் பாத்தியில் போஞ்சி நுனியெல்லாம் அழுக்கணவன் அப்பிக் கிடந்தது. நடுவில் மஞ்சள் புள்ளி வைத்த கருப்புப் புழுக்கள் ஊர்ந்தன. "ஐயா, இந்தப் புழுதான் கொடிய சுருட்டுது" என்று சொல்லி நசுக்கப் போனாங்க. கையில் ஒரு சோடாப் போத்தல். மலையில் அடித்த மருந்தில் மிச்சமாம். பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது.

போத்தல் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். பிள்ளைக்கு அது சோடாதான், மருந்து இல்லை. தேயிலைக்கு அடிக்கிற மருந்தை, நாளைக்கே பறித்துக் கறி வைக்கிற போஞ்சிக்கு அடிக்கவும் கூடாது. அன்றைக்கே அதை மருந்து ஸ்டோரில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டோம்.

இனிப் புழு. அது பொறிவண்டின் குஞ்சு! சிவப்பு, மஞ்சள் முதுகில் கருப்புப் புள்ளியோ கோடோ போட்ட, பளபளவென்ற அந்தச் சின்ன வண்டை எல்லோருக்கும் தெரியும். குஞ்சைத்தான் தெரியாது. பார்த்தால் குட்டி முதலை மாதிரி இருக்கும். தாய் வண்டு அழுக்கணவன் இருக்கிற இடம் பார்த்து, மஞ்சள் முட்டைகளைக் கூட்டமாக நிறுத்தி வைக்கும். முட்டை வண்டாவதற்கு ஏறக்குறைய மூன்று கிழமை. குஞ்சும் தின்னும், வண்டும் தின்னும். ஒரு நாளைக்கே பத்து, இருபது என்று அழுக்கணவனைத் தீர்த்துவிடும். மருந்தடித்தால் அழுக்கணவனோடு இதுவும் சாகும். பிறகு அழுக்கணவன்தான் முதலில் பெருகி வரும்.

ஆனால் எல்லாப் புள்ளி வண்டும் நல்லது இல்லை, கவனம். கத்தரியிலும் பாகலிலும் இலையைச் சுரண்டி வலை மாதிரி ஆக்குகிற ஒன்று உண்டு. முதுகில் 28 புள்ளி வரை இருக்கும். பளபளப்பு இல்லை, மெல்லிய மயிர் படர்ந்து மங்கலாக இருக்கும். அதன் குஞ்சு மஞ்சள், உடம்பெல்லாம் முள். அதைப் பொறுக்கி நசுக்குங்கள், தப்பில்லை.

தேயிலையிலும் நமக்கு ஆள் உண்டு. வெயில் காலத்தில் இலையைச் செம்பு நிறமாக்கும் சிவப்புச் சிலந்தியைத் தின்கிற கருப்பு வண்டு. கடுகை விடச் சின்னது, அதனால் யார் கண்ணிலும் படாது.

பழைய கதை ஒன்று. தேயிலைக்கு முன்னே கண்டிச் சீமையில் கோப்பி. 1869ல் இலைத்துரு நோய் வந்தது. 1880களில் பச்சைச் செதிற்பூச்சி மிச்சத்தை உறிஞ்சியது. அதே பூச்சிக்காகத் தென்னிந்தியாவுக்கு 1898ல் ஆஸ்திரேலியப் பொறிவண்டு ஒன்றைக் கொண்டுவந்தார்கள். அந்தப் பூச்சியை அது பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. ஆனால் மாவுப்பூச்சியைப் பிடித்துக்கொண்டது, இன்றைக்கும் கோப்பித் தோட்டங்களில் அதற்கு வேலை இருக்கிறது. வேடிக்கை என்னவென்றால், அதன் குஞ்சும் வெள்ளை மெழுகு போர்த்திக்கொண்டு மாவுப்பூச்சி மாதிரியே இருக்கும். தெரியாதவர் கையால் அது செத்தது எத்தனையோ!

அழுக்கணவன் அதிகமானால் நுனியைத் தண்ணீர் பீச்சிக் கழுவுங்கள். எறும்பையும் பாருங்கள். அழுக்கணவன் விடுகிற இனிப்பு நீருக்காக அது பொறிவண்டை விரட்டும்.

பத்து நாள் கழித்து அந்த அக்கா வீட்டுக்குத் திரும்பப் போனேன். இலைக்கு அடியில் ஒரு குஞ்சு வாலை ஒட்டிக்கொண்டு கூடாகத் தொங்கியது. பிள்ளை விரலை நீட்ட, "தொடாதடா, அது நம்ம வண்டு" என்றாங்க அக்கா.