கல்வியாய்விலே விமரிசனக் கோட்பாடு: மலையகப் பாடசாலை இடைவிலகலை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

கல்வி பற்றிய ஆய்வேடுகள் எமது பல்கலைக்கழகங்களிலே ஆண்டுதோறும் எழுதப்பட்டு வருகின்றன. அவற்றுட் பல ஏறத்தாழ ஒரே வாய்பாட்டிற்கு அமைந்தவை. பிரச்சினையொன்று தெரிவு செய்யப்படும், வினாக்கொத்துத் தயாரிக்கப்படும், மாதிரியிலே அடங்கிய ஆசிரியர்களும் பெற்றோர்களும் விடையளிப்பர், விடைகள் நூற்றுவீதங்களாக மாற்றப்பட்டு அட்டவணைகளில் இடம்பெறும், ஈற்றிலே விதப்புரைகள் வரும். இம்முறை பயனற்றது என்பது எமது வாதமன்று. ஆயின், வினாக்கொத்திலே இடம்பெறும் வினாக்கள் எங்கிருந்து வந்தன, அவற்றில் ஆளப்படும் சொற்கள் எவருடைய நோக்கினைப் பிரதிபலிக்கின்றன என்ற கேள்விகள் இத்தகைய ஆய்வுகளில் எழுப்பப்படுவது அரிது. விமரிசனக் கோட்பாடு கல்வியாய்வுக்கு வழங்கக்கூடிய முதலாவது உதவி இக்கேள்விகளை எழுப்புவதேயாகும்.

2

விமரிசனக் கோட்பாடு என்னுந் தொடர் 1923ஆம் ஆண்டு பிராங்பர்ட் நகரிலே தோன்றிய சமூக ஆய்வு நிறுவனத்தோடு இணைத்துப் பேசப்படுவது. அதன் பணிப்பாளராயிருந்த மக்ஸ் ஹொர்க்ஹைமர் 1937ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையொன்றிலே மரபுவழிக் கோட்பாட்டினையும் விமரிசனக் கோட்பாட்டினையும் வேறுபடுத்திக் காட்டினார். மரபுவழிக் கோட்பாடு சமூகத்தை ஆய்வாளனுக்குப் புறத்தேயுள்ள பொருளாகக் கொண்டு, இருப்பதை விவரித்து வகைப்படுத்துகின்றது. விமரிசனக் கோட்பாடோ இருப்பது எவ்வாறு இவ்வாறாயிற்று என்று வினவுகின்றது. ஆய்வாளனும் அவன் ஆய்வுமே சமூக உறவுகளின் ஒரு பகுதியென ஏற்றுக்கொள்கின்றது. மாற்றத்தின் சாத்தியப்பாட்டினைத் தேடுகின்றது. பின்வந்த ஹேபர்மாஸ் 1968இல் வெளியிட்ட நூலில், அறிவுத் தேட்டத்தின் பின்னணியிலே மூவகை நாட்டங்கள் உள்ளன என்றார்: கட்டுப்படுத்தும் நாட்டம், புரிந்துகொள்ளும் நாட்டம், விடுதலை நாட்டம். கல்வியாய்வின் முறைகளை மதிப்பிடுவதற்கு இப்பாகுபாடு பயனுள்ளதோர் அளவுகோலாகும்.

இச்சிந்தனைக்கு அண்மித்த வேறு மரபுகளும் கல்வித் துறையிலே வளர்ந்தன. பூர்தியூவும் பஸரோனும் 1970இல் வெளியிட்ட நூல், பாடசாலை சில குடும்பங்களின் மொழியையும் பழக்கவழக்கங்களையும் பொது அளவுகோலாக்கி, அவற்றைப் பிறப்புரிமையாய்ப் பெற்றவர்களைத் திறமைசாலிகளென முத்திரையிடுகின்றது என விளக்கியது. போல்ஸும் ஜின்டிஸும் 1976இல் அமெரிக்கப் பாடசாலையின் உள்ளுறவுகள் தொழிற்றலத்தின் அதிகார உறவுகளோடு இயைந்து செல்வதை எடுத்துக்காட்டினர். அதே ஆண்டில் வெளிவந்த றொனால்ட் டோரின் நூல், சான்றிதழ் நோக்கிய கல்வியின் சீர்கேட்டினை ஆராய்கையில் இலங்கையையும் ஓர் எடுத்துக்காட்டாய்க் கொண்டமை நாம் மனங்கொள்ள வேண்டியது.

இவற்றை இயந்திரரீதியாகப் பிரயோகித்தல் தவறாகும். பாடசாலை வர்க்க அமைப்பினை மீளுற்பத்தி செய்கின்றது என்று மட்டும் கூறி நின்றுவிட்டால், அங்கு வாழும் மனிதர் வெறும் பொம்மைகளாகிவிடுவர். போல் வில்லிஸ் 1977இல் வெளியிட்ட ஆய்வு இக்குறையை உணர்த்தியது. ஆங்கிலக் கைத்தொழில் நகரொன்றிலே 12 தொழிலாளர் வர்க்க மாணவர்களுடன் நெருங்கிப் பழகி, பாடசாலையின் அதிகாரத்தை அவர்கள் எள்ளி நகையாடியமையே அவர்களை ஈற்றிலே உடலுழைப்புத் தொழிலுக்குள் இட்டுச்சென்ற முரணை அவர் வெளிக்கொணர்ந்தார். எதிர்ப்பும் மீளுற்பத்தியும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை என்பது இதனாற் புலனாயிற்று.

3

இனி எமது சூழலிலிருந்து ஒரு பிரச்சினையை எடுத்துக்கொள்வோம். மலையகத் தோட்டப் பாடசாலைகளில் இடைவிலகல் பற்றிய ஓர் ஆய்வு நடைபெறுவதாகக் கருதுவோம். வினாக்கொத்திலே, பிள்ளை பாடசாலையை விட்டு விலகியதற்குக் காரணம் யாது என்ற வினாவுக்கு நான்கு விடைகள் தரப்படுகின்றன: வறுமை, பெற்றோரின் அக்கறையின்மை, பிள்ளையின் ஆர்வமின்மை, தூரம். ஆசிரியர்களுட் பெரும்பான்மையினர் இரண்டாவது விடையைத் தெரிவு செய்தால், பெற்றோரின் அக்கறையின்மையே முதன்மைக் காரணமென அட்டவணை கூறும். பெற்றோர்க்கு விழிப்புணர்வுக் கருத்தரங்குகள் நடத்துக என விதப்புரை எழும். கணக்கிலே பிழையில்லை. எனினும், ஆசிரியர்களின் அபிப்பிராயம் இங்கு சமூகக் காரணமாக வேடமிட்டு நிற்கின்றது.

விமரிசன நோக்குடைய ஆய்வாளன் முதலில் வரலாற்றைக் கேட்பான். 19ஆம் நூற்றாண்டிலே கோப்பிக்கும் பின்னர் தேயிலைக்குமாகத் தென்னிந்தியாவிலிருந்து கொணரப்பட்ட மக்களின் பிள்ளைகளுக்கு, 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு முதல் பத்து வயது வரையிலான கல்வியை மாத்திரமே தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாக்கியது. எழுத்தறிவு சிறிதளவு, அதற்கப்பால் உழைப்பு. பல தோட்டங்களில் ஓராசிரியப் பாடசாலையே இருந்தது. 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் நிருவாகங்களின் பிடியிலேயே இருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலானோரை நாடற்றவர்களாக்கியது. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாக்கப்பட்ட காலப்பகுதியிலேயே பாடசாலைகளைப் பொறுப்பேற்கும் பணியும் பரவலாகத் தொடங்கியது. எஞ்சியிருந்தோரின் நாடற்ற நிலையை நீக்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறிற்று. தேசியக் கல்வி முறைக்கு வெளியே பல தசாப்தங்கள் நிறுத்திவைக்கப்பட்ட ஒரு சமூகத்தை நோக்கி, நீங்கள் கல்வியில் ஏன் அக்கறை காட்டவில்லை என வினவுதல் வரலாற்றைத் தலைகீழாக வாசிப்பதாகும்.

அடுத்து அவன் நாளாந்த உழைப்பின் ஒழுங்கினை நோக்குவான். நாட்சம்பளம் வேலைக்குச் சென்ற நாட்களோடும் பறித்த கொழுந்தின் நிறையோடும் பிணைக்கப்பட்டுள்ளது. தாய் அதிகாலையில் மலைக்குச் செல்லும்போது லயத்திலே கைக்குழந்தையும் நோயுற்ற முதியவரும் இருப்பின் மூத்த மகள் வீட்டில் நிற்கிறாள். ஒருநாள் நிற்றல் ஒருவாரமாகின்றது; தவறிய பாடம் விளங்காமற் போகின்றது; விளங்காத வகுப்பில் அமர்ந்திருப்பது வெட்கமாகின்றது. இடைநிலை வகுப்புகள் தோட்டத்திற்கு வெளியே தொலைவிலுள்ள இடங்களில் இச்சுமை இரட்டிக்கின்றது. வினாக்கொத்திலே தனித்தனிக் காரணங்களாகப் பிரிக்கப்பட்ட வறுமை, அக்கறையின்மை, ஆர்வமின்மை, தூரம் என்பன இங்கு ஒரே உற்பத்தி உறவின் பல முகங்களாகத் தெரிகின்றன. இடைவிலகல் என்ற சொல்லே பிள்ளையை எழுவாயாக்குகின்றது. விலக்கப்படுதல் என்று எழுதிப் பார்த்தால் எழுவாய் மாறுகின்றது, ஆய்வும் மாறுகின்றது.

4

அவ்வாறாயின், ஆய்வு முறைகள் எவ்வாறு அமைதல் வேண்டும்? விமரிசனக் கோட்பாடு தனக்கெனப் புதியதொரு கருவியை வைத்திருப்பதில்லை. உள்ள கருவிகளை வேறொரு ஒழுங்கிலே அது பயன்படுத்துகின்றது.

முதலாவது, ஆவண ஆய்வு. கட்டளைச் சட்டங்கள், நிருவாக அறிக்கைகள், சுற்றுநிருபங்கள் முதலியன தகவலுக்காக மட்டுமன்றி, அவை எவரைக் குறித்து எச்சொற்களால் பேசுகின்றன என்பதற்காகவும் வாசிக்கப்படல் வேண்டும்.

இரண்டாவது, அளவைநிலைத் தரவு. முற்போக்காளர் சிலர் எண்களை ஐயத்துடன் நோக்குவது பொருத்தமற்றது. ஆண்டிறுதிச் சராசரி மறைப்பதை, வரவு இடாப்பினை மாதவாரியாகவும் பால்வாரியாகவும் பிரித்தெழுதும் எளிய அட்டவணை காட்டிவிடும். வரவின்மை கொழுந்து மிகும் மாதங்களிற் கூடுகின்றதா என்பது கணக்கிட்டுப் பார்க்கவேண்டிய வினா, ஊகித்து விடையளிக்கத்தக்கதன்று.

மூன்றாவது, இனவரைவியல் சார்ந்த களப்பணி. வகுப்பறையின் பின்வாங்கிலும் லயத்தின் முற்றத்திலும் நீண்டகாலம் செலவிட்டாலன்றி, அக்கறையின்மை என ஆசிரியர் காண்பது தாயின் பார்வையிலே களைப்பாகவோ மனத்தாங்கலாகவோ இருக்கலாம் என்பது தெரியவராது.

நான்காவது, பங்கேற்பு ஆய்வு. பாவ்லோ பிரெய்ரே பிரேசிலின் எழுத்தறிவுப் பணியிலே, கற்போரின் வாழ்க்கையிலிருந்து சொற்களைத் தெரிந்தெடுத்து, அவற்றின் வழியே அவர்தம் நிலைமையைக் கலந்துரையாடச் செய்தார். ஆய்வின் முடிவுகளை உரிய மக்கள் முன் வைத்து, அவர்கள் மறுப்பதையும் திருத்துவதையும் தரவாக ஏற்றல் அம்முறையின் சாரத்தை ஆய்வுக்குள் கொணர்வதாகும்.

5

இவ்வணுகுமுறைக்கு எதிராக வலிமையான ஆட்சேபமொன்று உண்டு. முடிவை முன்கூட்டியே வைத்துக்கொண்டு ஆய்வாளன் களத்திற்குச் செல்கிறான். எதைக் கண்டாலும் வர்க்கம் என்றே கூறுவான் என்பர். இதனைப் புறக்கணித்தல் நேர்மையன்று. கோட்பாட்டினை மந்திரம்போல் உச்சரித்து, மேற்கோள்களால் பக்கங்களை நிரப்பும் எழுத்துகளை நாம் அறிவோம். இதற்கான விடை, தனது நிலைப்பாட்டை வெளிப்படையாகக் கூறுதலும் தனது கருதுகோளைப் பொய்ப்பிக்கக்கூடிய சான்றுகளைத் தேடிச்செல்லுதலுமாகும். வர்க்கம் விளக்காதவை மலையகத்திலே உள்ளன. சாதி, பால்நிலை என்பன அவற்றுள் முக்கியமானவை. ஒரே லயத்திலே, ஒரே கூலியில் வாழும் இரு குடும்பங்களுள் ஒன்றின் பிள்ளை உயர்தர வகுப்பை எட்டவும் மற்றதன் பிள்ளை ஏழாம் வகுப்போடு நிற்கவும் காண்போமாயின், அவ்வேறுபாட்டை விளக்கும் கடப்பாடு எமக்குண்டு. மலையகத்திலிருந்து ஆசிரியர்களும் பட்டதாரிகளும் உருவாகியுள்ள இன்றைய நிலையில் அக்கடப்பாடு மேலும் வலுவடைகின்றது. அவர்களின் வெற்றியைத் தனிமனிதத் திறமையின் சான்றாகக் காட்டி ஏனையோரைப் பழித்தலும் தவறு. விதிவிலக்கெனத் தள்ளிவிடுதலும் தவறு.

6

கல்வியாய்வு நூலகத்தோடு நின்றுவிடுவதில்லை. அதன் வகைப்பாடுகள் ஆசிரியர் பயிற்சியிலும் திட்டமிடலிலும் அதிபரின் உரையிலும் மறுபிறவி எடுக்கின்றன. பெற்றோரின் அக்கறையின்மை என்ற வாசகம் ஓர் அட்டவணையில் ஏறிவிட்டால், ஆசிரியர் வெற்றிடத்தை நிரப்பாத அலுவலகமும் கூலியை உயர்த்தாத நிருவாகமும் தமக்கொரு நற்சான்றிதழ் பெற்றுவிடுகின்றன. பழியைச் சுமப்பவள் மலையிலிருந்து கூடையோடு இறங்கிவரும் தாய். அந்த அட்டவணையை அவள் ஒருபோதும் பார்க்கப் போவதில்லை. ஆகவே, எமது மாணவர் தம் ஆய்வினைத் தொடங்குமுன் மூன்று வினாக்களைத் தம்மிடமே எழுப்புதல் நலம்: இப்பிரச்சினைக்கு இப்பெயரை இட்டவர் யார்? இவ்வாய்வின் விடை எவருக்குப் பயன்படும்? ஆய்வுக்குட்பட்டவர் இதனை வாசித்தால் தம் வாழ்க்கையை இதில் அடையாளம் காண்பரா? இவற்றிற்கு விடை தேடிய பின்னர் வினாக்கொத்துத் தயாரிக்கப்படுமாயின், அதன் வினாக்களும் வேறாகவே இருக்கும்.